ரதிக்காரருக்காக நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

நான் ஆயுசுக்கும் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு மாட்டுவண்டி கொள்ளாது. இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் உபாத்தியாயர். கையெழுத்து முத்து முத்தாக இருந்த பாவத்துக்கு, பள்ளிக்கூடக் கமிட்டியின் கடிதங்களும் என் தலையில்தான் விழுந்தன. அவ்வளவு கடிதங்களில் இரண்டு மட்டும் வரி மாறாமல் இன்றைக்கும் நினைவிருக்கின்றன. இரண்டையும் ஒரே மனிதருக்காக எழுதினேன், இரண்டிலும் தவறு செய்தேன்.

பதுளைக்கு அப்போது ரயில் வந்திருக்கவில்லை. பண்டாரவளையில் இறங்கி வண்டி பிடித்துத்தான் வர வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்தியது கடை முதலாளிமார் ஆறு பேர் சேர்ந்த கமிட்டி. தோட்டப் பள்ளிகளுக்கு வாத்தியார்களைத் தயார் செய்வதற்காக மேல்வகுப்பு ஒன்று வைத்திருந்தோம். அதில் மீசை அரும்பிய ஒன்பது வாலிபர்கள். படிப்பில் யாரும் சோடையில்லை. ஆனால் நாலு பேருக்கு முன்னால் நிறுத்தினால் போதும், ஒருவனுக்கும் வாய் திறக்காது. கமிட்டித் தலைவர் பித்தளைச் சாமான் கடை முதலாளி. அவர் ஒருநாள் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"இவனுங்க பாடம் சொன்னா புள்ளைங்க தூங்கிப் போயிருங்க. கை காலை எப்படி வச்சுக்கறது, குரல எப்படி எடுக்கறதுன்னு ஒன்னும் தெரியல. நாடகம் சொல்லிக் குடுக்க ஒரு ஆளப் புடிங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாடகமா? பள்ளிக்கூடத்திலா? நாடகக் கொட்டகை போட்டிருக்கும் தெரு வழியாகப் போனதற்கே என்னை உதைத்தவர் என் தகப்பனார். நான் திகைத்து நிற்பதைப் பார்த்து முதலாளி இன்னும் விளக்கினார். "முழு நேரத்துக்கு வேணாம். ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு மேல வந்தா போதும். ஒரு வாத்தியார்னு நியமனம் பண்ணி முறையா கடுதாசி குடுத்துருவோம்."

முதலாளி சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? அறிவிப்பு எழுதிக் கடைவீதியில் நாலு இடத்தில் ஒட்டினேன். வந்தவர்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஹல்துமுல்லையிலிருந்து வந்தவர் பெரிய நாடகக் கம்பெனி ஒன்றில் இருந்தவராம். என்ன வேஷம் கட்டினீர்கள் என்று கேட்டோம். திரை இழுத்தாராம். கொஸ்லந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் ஓர் ஆள் தலையில் ஆர்மோனியத்தைத் தூக்க வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி குடித்தனம் நடத்திய அடையாளம். வாசிக்கச் சொன்னதும் வெளியே தூறலைக் காட்டி, "மழைக்கு சத்தம் வராதுங்க" என்றார்.

கடைசியில் பித்தளைக் கடைக்குச் சாமான் ஏற்றி வரும் வண்டிக்காரர்தான் ஒரு வழி சொன்னார். பதுளையிலிருந்து ஏழு மைலில் உள்ள ஒரு தோட்டத்தில் ரதி வேஷம் கட்டும் ஆள் இருக்கிறார், அவரைப் போல இந்த ஊவா மாகாணத்திலேயே ஆள் கிடையாது என்றார். மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவனுடைய நெற்றிக்கண்ணில் காமன் எரிந்து போவதும், அவன் மனைவி ரதி அழுது மன்றாடி அவனை மீட்பதும்தான் கதை. ரதியாக வருவது எப்போதும் ஓர் ஆண்தான்.

சொல்லியனுப்பினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றார். வயது முப்பத்தைந்து இருக்கும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கைகள். தலையில் பெரிய முண்டாசு. கமிட்டி ஆறு பேரும் நாற்காலியில் இருக்க, அவர் கதவருகில் நின்றார். அவரை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று கமிட்டிக்குள் ஒரு குழப்பம். தோட்டத்து ஆளை யாரும் நீங்கள் என்று சொன்னதில்லை, வாத்தியாரை யாரும் நீ என்று சொன்னதில்லை. முதலாளி ஒரு வழியாக, "ரதி அழற கட்டத்தக் கொஞ்சம் செஞ்சு காட்டு, பாப்போம்" என்றார்.

"அது முடியாதுங்க. காமன் எரியாம ரதி அழக்கூடாதுங்க" என்றார் அவர். குரலில் மரியாதை இருந்தது, தயக்கம் இல்லை. வேலை கேட்டு வந்த இடத்தில் கமிட்டித் தலைவரிடம் ஒருவர் முடியாது என்று சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். "வேணும்னா, காமன் வர்றதுக்கு முன்னால ரதி தலை சீவி சிங்காரிக்கிற கட்டம் செய்றேங்க."

முண்டாசை அவிழ்த்தார். முடி இடுப்புக்குக் கீழே வந்து விழுந்தது. எங்களுக்கெல்லாம் அந்தக் காலத்தில் குடுமி உண்டு. ஆனால் இது குடுமி இல்லை. முன்தலை மழிக்காமல், நெற்றியிலிருந்து பின்வரை அப்படியே வளர்ந்த முடி. தரையில் உட்கார்ந்தார். இல்லாத கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். முடியை முன்னால் எடுத்துப் போட்டுக் கோதி, மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தார். பாட்டு மெதுவாகத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு அந்தக் காய்ப்புக் கைகள் தெரியவில்லை. அடுத்தவர் பெண்டாட்டி தலை சீவும்போது தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்ட அந்நியனைப் போல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொந்த வீட்டுத் திண்டாட்டங்களைத் தவிர வேறு எதற்கும் கலங்காத முதலாளி வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சொந்த முடியா?" என்று கேட்டார் கடைசியில்.

"ஆமாங்க. நேத்திக்கடன். முதல் மூனு புள்ளையும் தங்கல்ல. நாலாவது தங்கினா ஏழு மாசிக்கு சொந்தத் தலமுடியில ரதி கட்டி, அப்புறம் முடிய கதிர்காமத்து முருகனுக்கு எறக்குறேன்னு வேண்டிக்கிட்டேங்க. பொம்பளப்புள்ள. நல்லா இருக்கு. அஞ்சு மாசி முடிஞ்சிருச்சு, இன்னும் ரெண்டு இருக்குங்க."

இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அவர் புறப்படும்போது என் மகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று வயது. வீடு பக்கத்துத் தெருவில் என்பதால் எந்த நேரமும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்துவிடுவாள். முண்டாசு கட்டக் குனிந்தவருடைய முடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நான் அதட்டினேன். அவர் தலையை இன்னும் தாழ்த்திக் கொடுத்தார். "உங்க புள்ளையாங்க வாத்தியாரய்யா? எம்புள்ளையும் இப்படித்தான் இழுக்கும்" என்று சிரித்தார்.

மறுநாள் நியமனக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத என்ன இருக்கிறது? பெட்டியில் பழைய மாதிரிக் கடிதம் ஒன்று கிடந்தது. பள்ளிக்கூடத்தின் முதல் தலைமையாசிரியர் எழுதி வைத்தது. அவருக்குக் குடுமி என்றாலே ஆகாது. உபாத்தியாயர்கள் பாடம் நடத்தும்போது குடுமியை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டு, ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மேற்படி உபாத்தியாயர் தலைமயிரைக் கட்டையாகக் கத்தரித்து, கோட்டு அணிந்து, குறித்த நேரத்தில் சமூகமளிக்க வேண்டியது.' நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் இதே கடிதம்தான் வந்தது. என் குடுமியில் ஒரு மயிர் குறையவில்லை. எங்களில் ஒருவரும் அந்த வரியைச் சட்டை செய்ததில்லை. அது கடிதத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

கிழமையையும் நேரத்தையும் மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே பார்த்து எழுதினேன். கை எழுதியது, மனம் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தது. முதலாளி கையெழுத்துப் போட்டார். கமிட்டியின் வட்ட முத்திரையை ஊதா மையில் தோய்த்து அழுத்திக் குத்தி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.

தை மாதக் கடைசி ஞாயிறு முதல் வகுப்பு. பள்ளிக்கூட வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். அளவில் பெரிய கறுப்புக் கோட்டு. ஒட்ட வெட்டிய தலை, காதுக்கு மேலே கத்தரி தவறிய திட்டுகள். கையில் ஒரு துணி மூட்டை. யாரோ சர்க்கார் கச்சேரி ஆள் என்று நினைத்து எழுந்து நின்றேன். "வந்துட்டேங்க வாத்தியாரய்யா" என்ற குரலைக் கேட்டதும் எனக்கு உயிர் போய் வந்தது.

"என்னய்யா இது! தலை எங்கே?" என்று கத்தினேன். என்ன கேட்கிறோம் என்று எனக்கே தெரியவில்லை.

"காயிதத்துல சொல்லியிருந்தபடிதாங்க. தோட்டத்துக் கணக்கப்புள்ள ஐயா ரெண்டு தரம் படிச்சுக் காட்டினாரு. கோட்டு அவருதுதான், எரவல்."

"அந்த வரியை யாருமே பார்க்க மாட்டார்களய்யா! இதோ பாருங்கள், எனக்குக் குடுமி இருக்கிறது!" என்று என் குடுமியைப் பிடித்துக் காட்டினேன். அந்தக் கோலத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் என் குடுமியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "சீல் குத்தியிருந்துச்சுங்களே" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைவீதியில் கடிதம் என்பது பேச்சு. அதில் பாதியை எடுத்துக்கொள்வோம், பாதியை விட்டுவிடுவோம். தோட்டத்தில் அப்படி இல்லை. ஆபீசிலிருந்து முத்திரையோடு ஒரு காகிதம் வந்தால் அது நடந்தே ஆக வேண்டும். லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பதும், வேறு தோட்டம் போவதும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராமல் நிற்பதும் எல்லாம் காகிதத்தில் இருக்கும் ஒரு வரியைப் பொறுத்தது. அந்தக் காகிதத்தின் எந்த வரி வெறும் வரி என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். அவரையும் அதிர்ச்சி தாக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே! இப்பத்தான் வாத்தியார் மாதிரி இருக்கீங்க. வாங்க, வாங்க!" என்றார். முதல் தடவையாக 'நீங்க' வந்தது. எனக்கு அந்த இடத்திலேயே அவரை நாற்காலியோடு கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது.

வகுப்பு நடந்தது. அவர் கெட்டிக்காரர், கண்டிப்பானவரும்கூட. ஒன்பது பேரையும் வரிசையாக நடக்கவிட்டார். "கொழுந்துக் கூடை தூக்குன பொம்பள நடக்கறதப் பாத்திருக்கியா? முதுகு எப்படி இருக்கும்? வாத்தியாருன்னா முதுகுல ஒன்னுமே இல்லாம நடக்கக் கூடாதுடா" என்று ஒருவனை ஆறு தரம் நடக்க வைத்தார். பிறகு அந்தச் சிங்காரக் கட்டத்தைச் செய்து காட்ட உட்கார்ந்தார். கண்ணாடியைச் சாய்த்தார். பாட்டு தொடங்கியது. வலது கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது, முடியை முன்னால் எடுத்துப் போட. கை அங்கே வெறும் கழுத்தைத் தொட்டது. பாட்டு நின்றுவிட்டது. ஒருவன் களுக்கென்று சிரித்தான். நான் பாய்ந்துபோய் அவன் கன்னத்தில் அறைந்தேன். மாணவனை நான் கைநீட்டி அடித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் என்னை அடிக்க வேண்டிய அடி.

எல்லோரும் போன பிறகு அந்தத் துணி மூட்டையை என் மேசைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே முடி. எண்ணெய் தடவி, பின்னி, இரண்டு முனையிலும் மஞ்சள் நூல் கட்டியிருந்தது.

"வெட்டச் சொல்லி எழுதியிருந்தீங்க. வெட்டினத என்ன செய்யணும்னு எழுதல்லீங்களே. அதான் கொண்டாந்தேன்."

நான் மூட்டையை மறுபடி கட்டி அவர் கையிலேயே கொடுத்தேன்.

மாசி வந்தது. தோட்டத்தில் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றினார்கள். அந்த வருடம் வேறொருவர் டோப்பா வைத்து ரதி கட்டியதாக வண்டிக்காரர் சொன்னார். ஆறாவது மாசியில் நேர்த்தி அறுந்துவிட்டதென்று லயத்துப் பெண்கள் அவர் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மனைவி அவரிடம் பேசவில்லையாம். அவர் மட்டும் ஒரு ஞாயிறு தவறாமல் ஏழு மைல் நடந்து வந்து பாடம் நடத்தினார். கோட்டை ஒருநாளும் கழற்றவில்லை.

பங்குனியில் அவருடைய மகளுக்குக் காய்ச்சல் கண்டது. விடும், மறுபடி வரும். மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்ததும் என் மேசை முன்னால் வந்து நின்றார். அவர் முகம் கறுத்திருந்தது.

"வாத்தியாரய்யா, ஒரு காயிதம் வேணும்."

"யாருக்கு? டாக்டருக்கா? இப்போதே எழுதுகிறேன்."

"மருந்தெல்லாம் குடுத்தாச்சுங்க. சாமிக்கு எழுதணும். முடியை எடுத்துக்கிட்டு கதிர்காமம் போகப் போறேன். வெட்டினது நான்தான், ஆனா எம்மனசால வெட்டல்ல. எழுதினவங்க சொல்லித்தான் வெட்டினேன்னு எழுதிக் குடுங்க. எழுதினது யாருன்னும் போடுங்க. அதே மாதிரி சீல் குத்துங்க. தப்பு எம்புள்ள மேல எறங்கிறப்படாது."

சிரிப்பதற்கு இல்லை. கதிர்காமத்துக்கு யாத்திரை போகவே கச்சேரியில் பாஸ் எழுதி வாங்க வேண்டியிருந்த காலம் அது. துரையிடம் போகக் காகிதம், ஆஸ்பத்திரிக்குக் காகிதம், சாமியிடம் போகவும் சர்க்கார் காகிதம் என்றால், சாமிக்குக் காகிதம் கேட்பதில் என்ன பிசகு? பேனாவை எடுத்தேன். நான் படித்தவன். நேர்த்தி, தெய்வக் குற்றம் இதையெல்லாம் வகுப்பில் கிண்டல் செய்பவன். இந்த மனிதருக்கு ஆறுதலாக நாலு வரி எழுத எனக்கு என்ன கஷ்டம்?

'இதைக் கொண்டுவருபவர் தம் விருப்பத்தால் அன்றி, பதுளையிலிருந்து வந்த எழுத்துமூல உத்தரவுக்குக் கட்டுப்பட்டே தலைமுடியை நீக்கினார். பிழை இவருடையதன்று. இவருடைய பிள்ளையுடையதும் அன்று. பிழை, அந்தக் கடிதத்தை எழுதிய' என்பது வரை மளமளவென்று வந்தது.

அங்கே கை நின்றுவிட்டது. வாசலில் என் மகள் செருப்பை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். முதல் நாள் ராத்திரி அவள் இரண்டு தடவை இருமியது ஏனோ அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. என் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான். ஐந்து எழுத்து. எழுத முடியவில்லை. நம்பிக்கையே இல்லாத ஒன்றுக்கு நான் இப்படி நடுங்கியதைக் கண்டு எனக்கே திகைப்பாக இருந்தது. எனக்குள் இப்படி ஒருவன் உட்கார்ந்திருப்பது அதுநாள்வரை எனக்குத் தெரியாது.

'எழுதிய இடத்தாரைச் சேரும்' என்று முடித்தேன். முத்திரையை மட்டும் நன்றாக அழுத்திக் குத்தினேன். அவர் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பேரு போட்டுட்டீங்கதானே?" என்று கேட்டார்.

"எல்லாம் இருக்கிறது" என்றேன்.

சித்திரையில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. ஆனாலும் ஆடித் திருவிழாவுக்கு அவர் புறப்பட்டார். மலையிறங்கி, காட்டு வழியாகக் கால்நடையாகத்தான் போனார். மூன்று ஞாயிறு வகுப்பு இல்லை. நாலாவது ஞாயிறு வாசலில் வந்து நின்றார். வெயிலில் கருகி, உதடு வெடித்து, பாதம் இரண்டிலும் துணி சுற்றியிருந்தார். தலையில் முடி விரல் நீளம் வளர்ந்திருந்தது. அந்தக் கோட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"முடியைக் குடுத்துட்டேங்க. காயிதத்தையும் வச்சுட்டேன்" என்றார்.

"நல்லது, நல்லது" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

"சும்மா வச்சா சாமிக்கு எப்படித் தெரியும்? கூட நடந்து வந்த ஒரு சாமியார்கிட்ட குடுத்து சத்தமாப் படிக்கச் சொன்னேங்க. முழுக்கப் படிச்சாரு. படிச்சிட்டு, எழுதுனது யாரு, பேரே இல்லையேன்னு கேட்டாரு."

நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். வகுப்பறையில் ஒன்பது பேரும் பேசிக்கொண்டிருந்த சத்தம் காதில் விழுந்தது. அவர் திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியமே எனக்கு இருந்திருக்காது.

"எனக்கு முதல்ல ஆத்திரம்தாங்க வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் யோசிச்சேன். எழுதினவரு வீட்டுலயும் ஒரு பொம்பளப்புள்ள இருக்கு, அதான் பயந்துட்டாருன்னு சாமிகிட்ட நானே வாயால சொல்லிட்டேன். ரெண்டு புள்ளையையும் பாத்துக்கப்பான்னு சொன்னேன்."

கோட்டுப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "ஒங்க புள்ளைக்கு" என்று சொல்லிவிட்டு, துணி சுற்றிய காலோடு நொண்டி நொண்டி வகுப்புக்குப் போனார். என் பெயர் என்னவென்று அவர் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.